மனிதப் புரத மரபணுவைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பீட்டா குளோபின் மரபணுவை முன்வைத்து

மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு என்ற ஒற்றை வரி பள்ளிப் பாடத்துக்குப் போதும். கல்லூரியில் உயிரியல் எடுத்தவர்களுக்கும், தலசீமியா (ஹீமோகுளோபின் சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரைச் சோகை) பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய பெற்றோருக்கும், அந்த அறிக்கையை அவர்களுக்கு விளக்க வேண்டிய மருத்துவப் பணியாளர்களுக்கும் அது போதாது. அந்த வரியை அப்படியே பிடித்துக்கொண்டு மேலே படிப்பவர்கள் குறிப்பிட்ட சில தவறுகளையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: அமினோ அமிலங்களைக் குறிக்கும் எழுத்துகள் மட்டுமே மரபணு, மற்றவை அதைச் சுற்றியுள்ள வெற்றிடம் என்று எண்ணிவிடுவது.

இதை விளக்க, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் சங்கிலிக்குரிய மரபணுவை எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுக்கூடங்கள் எச்.பி.பி. என்று குறிக்கும் இந்த மரபணு அளவில் சிறியது. அதைவிட முக்கியமாக, இதன் ஏறத்தாழ ஒவ்வொரு உறுப்பிலும் நோய் உண்டாக்கும் மாற்றம் ஏதேனும் ஒன்று கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை ஊகமாக அல்ல, நோயாளிகளின் இரத்தத்தில் நேராகப் பார்க்கக் கிடைக்கும் சான்றுகளோடு சொல்ல முடிகிறது.

முதலில் அளவுகள். 11ஆம் குரோமோசோமின் குறுகிய கரத்தில் இருக்கும் இந்த மரபணுவின் நீளம், படியெடுத்தல், அதாவது டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. நகல் எழுதுதல், தொடங்கும் இடத்திலிருந்து கணக்கிட்டால், 1,608 எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்களையே இங்கு எழுத்துகள் என்கிறேன். முதிர்ந்த ஆர்.என்.ஏ.வில் தங்கும் துண்டுகளான எக்ஸான்கள் மூன்றும், அவற்றுக்கிடையே நீக்கப்படும் துண்டுகளான இன்ட்ரான்கள் இரண்டும் இதில் உள்ளன. எக்ஸான்கள் முறையே 142, 223, 263 எழுத்துகள் கொண்டவை. முதல் இன்ட்ரான் 130 எழுத்துகள், இரண்டாவது 850. இன்ட்ரான்கள் வெட்டி நீக்கப்பட்டு எக்ஸான்கள் ஒட்டப்பட்ட பின் கிடைக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் நகல்) நீளம், முனையில் பின்னர் ஒட்டப்படும் ஏ எழுத்துகளாலான வாலைச் சேர்க்காமல், 628. இந்த 628இலும் அமினோ அமிலங்களைக் குறிப்பவை 441 எழுத்துகளே. ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிக்குக் குறியன் என்று பெயர்; நிறுத்தக் குறியனையும் சேர்த்தால் 444. மரபணுவின் மொத்த நீளத்தில் இது கால் பங்கைவிடச் சற்று அதிகம். மனித மரபணுக்களில் இது தாராளமான பங்கு என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் தசைப் புரதமான டிஸ்ட்ரோபினின் மரபணு ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகள் நீளமுடையதாக இருந்தும், அதன் 79 எக்ஸான்களும் சேர்ந்து தரும் தூது ஆர்.என்.ஏ. சுமார் 14,000 எழுத்துகள் மட்டுமே கொண்டது.

எக்ஸான் முழுவதும் புரதமாக மாறுகிறது என்று எண்ணுவது

எக்ஸான் என்றால் புரதத்தைக் குறிக்கும் பகுதி, இன்ட்ரான் என்றால் குறிக்காத பகுதி என்று பல பாடக்குறிப்புகள் எழுதுகின்றன. எக்ஸானுக்குச் சரியான வரையறை, முதிர்ந்த ஆர்.என்.ஏ.வில் தங்கியிருக்கும் பகுதி என்பதே. அது முழுவதும் புரதத்தைக் குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பீட்டா குளோபினின் முதல் எக்ஸானில் உள்ள முதல் 50 எழுத்துகள் எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை. மூன்றாவது எக்ஸானின் கடைசி 134 எழுத்துகளும் அப்படியே. மொழிபெயர்க்கப்படாத இந்த இரு முனைகளும் வீணாக இருப்பவை அல்ல: முன்முனை, புரதத்தைக் கோக்கும் பொறியான ரைபோசோம் வந்தமர்ந்து தொடக்கக் குறியனைத் தேடிச் செல்லும் வழியாகவும், பின்முனை ஆர்.என்.ஏ. எவ்வளவு காலம் அழியாமல் இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் இடமாகவும் பயன்படுகின்றன.

பின்முனையில்தான் ஏ.ஏ.டி.ஏ.ஏ.ஏ. என்ற ஆறெழுத்துக் குறி இருக்கிறது. ஆர்.என்.ஏ.வை எந்த இடத்தில் வெட்டி வால் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் குறி அது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறி ஏ.ஏ.சி.ஏ.ஏ.ஏ. ஆனவர்களுக்குப் பீட்டா தலசீமியா ஏற்படுகிறது. அவர்களிடம் புரதத்துக்குரிய 441 எழுத்துகளும் பழுதின்றி இருக்கின்றன; ஆனால் உரிய இடத்தில் வெட்டப்படாமல் நீண்டுவிட்ட ஆர்.என்.ஏ. நிலைத்திருக்க முடியாமல் சிதைந்துவிடுகிறது.

இதனுடன் சேர்ந்து வரும் இன்னொரு தவறான எண்ணம், குறியன்கள் எக்ஸானின் எல்லையில் முழுமையாக முடிந்துவிடும் என்பது. முதல் எக்ஸானில் புரதத்துக்குரிய எழுத்துகள் 92. மூன்று மூன்றாகப் பிரித்தால் 30 முழுக் குறியன்கள் போக இரண்டு எழுத்துகள் மிஞ்சுகின்றன. ஏ, ஜி என்ற அந்த இரண்டும் முதல் எக்ஸானின் கடைசியில் நிற்க, அவற்றோடு சேர்ந்து ஆர்ஜினைனைக் குறிக்க வேண்டிய மூன்றாவது எழுத்தான ஜி, 130 எழுத்துகளைத் தாண்டி இரண்டாவது எக்ஸானின் தொடக்கத்தில் இருக்கிறது. வெட்டி ஒட்டும் வேலை ஓரெழுத்து பிசகினாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் குறியன்களும் குலைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இன்ட்ரானைக் குப்பை என்று ஒதுக்குவது

மரபணு இடையிடையே துண்டுபட்டுக் கிடக்கிறது என்பது 1977இல் தெரிய வந்தது. அடினோ வைரஸில் இதைக் கண்டறிந்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோர் 1993இல் நோபல் பரிசு பெற்றனர். முயலின் பீட்டா குளோபின் மரபணுவுக்குள் நீண்டதோர் இடைச்செருகல் இருப்பதை அதே 1977இல் அலெக் ஜெஃப்ரிஸும் ரிச்சர்ட் ஃபிளாவெலும் காட்டினர். நீக்கப்படும் பகுதி என்பதாலேயே அது தேவையற்ற பகுதி என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டனர். இன்றும் வகுப்பறைகளில் இன்ட்ரான் என்றால் குப்பை என்று சொல்லித் தருவதைக் கேட்க முடிகிறது. இந்தச் சொல்லை ஆசிரியர்கள் முற்றாகக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் நம் நாட்டுத் தலசீமியாவில் மிகப் பெரும் பங்கு இன்ட்ரானில் ஏற்படும் மாற்றத்தால் வருவதே.

இந்தியாவில் பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்களில் மிகப் பரவலானது, முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தான ஜி, சி ஆக மாறுவது. அந்த இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதல் எக்ஸான் ஏ.ஜி. என்று முடிய, இன்ட்ரான் ஜி.டி.டி.ஜி.ஜி. என்று தொடங்குகிறது. தொடக்கத்தில் ஜி.டி. இருப்பதும் முடிவில் ஏ.ஜி. இருப்பதும் மனித இன்ட்ரான்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான இலக்கணம். வெட்டும் பொறியமைப்பு முதலிரண்டு எழுத்துகளை மட்டும் பார்ப்பதில்லை. அவற்றை அடுத்துள்ள எழுத்துகளோடும் பொருந்திப் பார்த்துத்தான் அது வெட்டுமிடம் என்று அறிகிறது. முதல் எழுத்தான ஜி மாறிவிட்டால் சரியான வெட்டு அறவே நடக்காது. ஐந்தாவது எழுத்து மாறினால் பிடிப்பு தளர்கிறது. சரியான வெட்டு சிறிதளவே நடக்க, மற்ற ஆர்.என்.ஏ.க்கள் அருகில் ஒளிந்திருக்கும் வேறு மூன்று இடங்களில், அதாவது முதல் எக்ஸானுக்குள் இரண்டு இடங்களிலும் இன்ட்ரானுக்குள் ஓரிடத்திலும் வெட்டப்பட்டுப் பயனற்றுப் போகின்றன. இந்த மாற்றத்தில் பீட்டா சங்கிலி முற்றிலும் நின்றுவிடாமல் மிகக் குறைந்த அளவில் உருவாவதற்குக் காரணம் இதுவே.

எல்லையிலிருந்து தள்ளி இன்ட்ரானின் உட்பகுதியில் நேரும் மாற்றத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. சைப்ரஸ், கிரீஸ் போன்ற மத்தியதரைக்கடல் நாடுகளில் பரவலாக உள்ள ஒரு மாற்றத்தில், அதே முதல் இன்ட்ரானின் 110ஆவது எழுத்தான ஜி, ஏ ஆக மாறுகிறது. இதனால் அங்கே புதிதாக ஓர் ஏ.ஜி. உருவாகிறது, இன்ட்ரான் அங்கேயே முடிந்துவிட்டதாக வெட்டும் பொறியமைப்பு எடுத்துக்கொள்கிறது. நீங்க வேண்டிய இன்ட்ரானில் 19 எழுத்துகள் தூது ஆர்.என்.ஏ.வில் தங்கிவிடுகின்றன, அவற்றுக்குள்ளேயே ஒரு நிறுத்தக் குறியனும் அமைந்துவிடுகிறது.

இன்ட்ரானுக்குள் வேறு வகையான கட்டுப்பாட்டு உறுப்புகளும் இருக்கக்கூடும். கருவில் இருக்கும்போது நமக்கு ஆக்சிஜன் சுமந்த கருக்கால ஹீமோகுளோபின், பிறந்த பின் அடக்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் 2ஆம் குரோமோசோமில் உள்ள பி.சி.எல்.11.ஏ. என்ற மரபணு. இரத்தச் சிவப்பணுவாக முதிரவிருக்கும் செல்களில் மட்டும் இந்த மரபணுவைத் தூண்டிவிடும் உறுப்பு, அதன் இன்ட்ரான் ஒன்றுக்குள் இருக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் கதிர் அரிவாள் செல் சோகைக்காக (சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோய்) ஒப்புதல் பெற்ற காஸ்கெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சை, அதாவது டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் சிகிச்சை, நோய்க்குக் காரணமான பீட்டா குளோபின் மரபணுவைத் தொடுவதே இல்லை. நோயாளியின் குருத்தணுக்களில் பி.சி.எல்.11.ஏ.வின் அந்த இன்ட்ரான் உறுப்பைச் சிதைத்து, கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் உருவாகச் செய்கிறது.

அமினோ அமிலம் மாறவில்லை என்றால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டுவது

பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியன்கள் உண்டு. ஜி.ஜி.டி.யும் ஜி.ஜி.ஏ.யும் கிளைசினையே குறிக்கின்றன. பீட்டா குளோபினின் 24ஆவது குறியன் ஜி.ஜி.டி.யிலிருந்து ஜி.ஜி.ஏ. ஆக மாறினால் புரதத்தில் எந்த வேறுபாடும் இருக்கக் கூடாது. ஆனாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே கண்டறியப்பட்ட இந்த மாற்றம் பீட்டா தலசீமியாவை உண்டாக்குகிறது. மேலே சொன்ன ஒளிந்திருக்கும் வெட்டுமிடங்களில் ஒன்று இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாறிய எழுத்து அதை விழிக்கச் செய்துவிடுகிறது.

இதற்கு இரண்டு குறியன்கள் தள்ளி நேரும் மாற்றம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 26ஆவது குறியன் ஜி.ஏ.ஜி.யிலிருந்து ஏ.ஏ.ஜி. ஆகி, குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் லைசின் வந்தால், அது ஹீமோகுளோபின் ஈ. வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இது மிகப் பரவலாக உள்ளது. அமினோ அமிலம் மாறிய ஹீமோகுளோபின் வகை என்று மட்டும் இதைப் படித்தவர்கள், இதோடு பீட்டா தலசீமியா மாற்றம் ஒன்று சேரும்போது குழந்தைக்குக் கடுமையான நோய் ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள். விடை அதே வெட்டுமிடத்தில் இருக்கிறது: இந்த எழுத்து மாற்றமும் அதை விழிக்கச் செய்வதால் தூது ஆர்.என்.ஏ.வின் ஒரு பகுதி தவறாக வெட்டப்படுகிறது. ஆகவே ஹீமோகுளோபின் ஈ. என்பது மாறிய சங்கிலி மட்டுமல்ல, குறைவாக உருவாகும் சங்கிலியும்கூட. ஒரே எழுத்து ஒரே நேரத்தில் குறியனின் உறுப்பாகவும் வெட்டும் குறியின் உறுப்பாகவும் இருக்க முடியும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இத்தகைய தடுமாற்றம் நேராது.

தொடக்கங்களையும் முடிவுகளையும் குழப்புவது

தேர்வு விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் தவறு இது. ஒரு மரபணுவுக்கு இரண்டு தொடக்கங்களும் இரண்டு முடிவுகளும் உண்டு. படியெடுத்தல் தொடங்கும் இடம் வேறு, மொழிபெயர்ப்பு தொடங்கும் ஏ.டி.ஜி. என்ற தொடக்கக் குறியன் வேறு. பீட்டா குளோபினில் இவ்விரண்டுக்கும் இடையே 50 எழுத்துகள் உள்ளன. அதுபோல, நிறுத்தக் குறியன் நிறுத்துவது ரைபோசோமைத்தான், படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸை அல்ல. பாலிமரேஸ் நிறுத்தக் குறியனை எந்தத் தடையும் இன்றிக் கடந்து, வால் சேர்க்கும் குறியையும் தாண்டி மேலும் வெகுதூரம் படியெடுத்துக்கொண்டே போகிறது. குறிக்குச் சற்றுப் பின்னால் ஆர்.என்.ஏ. வெட்டப்பட்ட பிறகுதான் அது விலகுகிறது. வெட்டிய முனையில் சேர்க்கப்படும் ஏ எழுத்துகளாலான நீண்ட வால் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருப்பது அன்று, தனி நொதி ஒன்று அச்சுப்படி எதுவும் இல்லாமல் சேர்ப்பது.

படியெடுத்தல் தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருந்து அதைத் தொடங்கிவைக்கும் பகுதியான புரோமோட்டரைப் பற்றியும் ஒரு சொல். அதில் அமையும் டாட்டா பெட்டி என்ற குறுந்தொடர் எல்லா மனித மரபணுக்களிலும் இருக்கும் என்று எழுதுவது தவறு; சிறுபான்மை மரபணுக்களில்தான் அது உண்டு. பீட்டா குளோபினில் அதை ஒத்த தொடர் ஏறத்தாழ 30 எழுத்துகளுக்கு முன்னால் இருக்கிறது, அதற்கும் முன்னால் 90ஐ ஒட்டிய இடத்தில் கே.எல்.எஃப்.1 என்ற சிவப்பணுப் புரதம் வந்து பற்றிக்கொள்ளும் தொடர் இருக்கிறது. இவ்விரு இடங்களில் நேரும் மாற்றங்கள் பெரும்பாலும் மிதமான தலசீமியாவையே தருகின்றன, ஏனெனில் படியெடுத்தல் குறைகிறதே தவிர நிற்பதில்லை.

இடையில் நிறுத்தக் குறியன் வந்தால் குட்டையான புரதம் உருவாகும் என்ற எளிய விடையும் பாதி உண்மையே. 39ஆவது குறியன் சி.ஏ.ஜி.யிலிருந்து டி.ஏ.ஜி. ஆக மாறும் தலசீமியா இத்தாலியின் சார்டீனியாத் தீவில் மிகுதி. அங்கே 38 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டைப் புரதத்தைத் தேடினால் கிடைக்காது. எக்ஸான்கள் ஒட்டப்பட்ட ஒவ்வோர் இணைப்புக்கும் அருகில் ஒரு புரதக் கூட்டு அடையாளமாக வைக்கப்படுகிறது. முதன்முதலில் செல்லும் ரைபோசோம் இந்த அடையாளங்களைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கடைசி இணைப்புக்குச் சுமார் 50 எழுத்துகளுக்கு மேல் முன்னதாகவே அது நின்றுவிட்டால், எஞ்சிய அடையாளத்தைக் கொண்டு செல் அந்த ஆர்.என்.ஏ.வைப் பழுதானது என்று அறிந்து அழித்துவிடுகிறது. மாறாக, நிறுத்தக் குறியன் கடைசி எக்ஸானில், எடுத்துக்காட்டாக 121ஆவது இடத்தில், தோன்றினால் தள்ள வேண்டிய அடையாளம் எதுவும் எஞ்சியிருப்பதில்லை, ஆர்.என்.ஏ. அழிவுக்குத் தப்பி, முழுமையற்ற சங்கிலி பெருமளவில் உருவாகிச் செல்லுக்குள் படிந்து கேடு செய்கிறது. அதனால்தான் 39ஆவது இடத்து மாற்றம், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரு பிரதிகளில் ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் இலேசான சோகையோடு போய்விட, 121ஆவது இடத்து மாற்றம் ஒரு பிரதியில் இருந்தாலே நோயாகிறது. புரதம் குறைவாகவே வெட்டுப்பட்ட பின்னதுதான் அதிகக் கேடு செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இழப்பு பெரிதாக இருந்தால் நோயும் கடுமையாக இருக்கும் என்ற எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். டிஸ்ட்ரோபின் மரபணுவின் 17ஆம் எக்ஸான் முதல் 48ஆம் எக்ஸான் வரை இழந்தும், இலேசான தசைநோயோடு அறுபது வயதைக் கடந்து நடமாடியவர் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறார். புரதத்துக்குரிய எழுத்துகளில் ஏறத்தாழ பாதி போயும் எஞ்சியவை மூன்று மூன்றாகப் பிசகின்றி ஒட்டிக்கொண்டதே காரணம். அதே மரபணுவில் மூன்றால் வகுபடாத ஒரு சிறு இழப்பு, சிறுவர்களைச் சக்கர நாற்காலியில் அமர்த்தும் டுஷேன் நோயைத் தருகிறது.

மரபணுவின் எல்லைக்கு வெளியே பார்க்க மறப்பது

பீட்டா குளோபின் தனியாக இல்லை. கரு உருவாகும் தொடக்க வாரங்களில் பயன்படும் எப்சிலான், கருக்காலத்துக்குரிய இரண்டு காமா மரபணுக்கள், செயலிழந்த போலி மரபணு ஒன்று, டெல்டா, கடைசியாகப் பீட்டா என்ற வரிசையில் ஒரு குடும்பமாக அமைந்திருக்கிறது. இந்த வரிசைக்கும் முன்னால், பீட்டாவிலிருந்து ஏறத்தாழ 50,000 எழுத்துகளுக்கு அப்பால், முழுக் குடும்பத்தையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. டி.என்.ஏ. இழை வளைந்து மடங்குவதால் இந்தத் தொலைவுப் பகுதி, அந்தந்தக் காலத்தில் செயல்பட வேண்டிய மரபணுவின் புரோமோட்டரை நேரடியாக நெருங்குகிறது.

இதன் முக்கியத்துவத்தை உலகுக்குக் காட்டியது, 1980களில் விவரிக்கப்பட்ட ஒரு டச்சுக் குடும்பத்தின் டி.என்.ஏ. அவர்களின் குரோமோசோமில் கட்டுப்பாட்டுப் பகுதியும் முன்னால் உள்ள மரபணுக்களும் நீங்கிவிட்டிருந்தன. பீட்டா குளோபின் மரபணு மட்டும் தன் புரோமோட்டரோடும் எக்ஸான் இன்ட்ரான்களோடும் ஓரெழுத்துப் பிழையின்றி எஞ்சியிருந்தது. இருந்தும் அது செயல்படவில்லை. மரபணுவைத் தொடக்கம் முதல் முடிவு வரை படித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வது எவ்வளவு அரைகுறையான முடிவாக இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

கட்டுப்பாட்டை மறப்பவர்கள் காலத்தையும் மறக்கிறார்கள். இந்த மரபணு நம் தோல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருக்கிறது. ஆயினும் சிவப்பணுவாக முதிரும் செல்களில்தான் செயல்படுகிறது. கருவில் காமா மரபணுக்களே பெரும்பங்கு வேலை செய்வதால், இரு பிரதிகளிலும் பழுதுள்ள குழந்தைகூடப் பிறக்கும்போது நலமாகவே தோன்றுகிறது. ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின் காமா அடங்கிப் பீட்டா பொறுப்பேற்க வேண்டிய வேளையில்தான் சோகை வெளிப்படுகிறது. நன்றாகப் பிறந்த குழந்தைக்குப் பிற்பாடு உணவாலோ தடுப்பூசியாலோ இந்த நோய் வந்தது என்று பெற்றோர் வருந்துவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஒரு மரபணு, ஒரு புரதம் என்று கணக்கிடுவது

1941இல் பீடில், டேட்டம் ஆகியோரின் பூஞ்சை ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இந்தக் கருத்து, அக்காலத்துக்குப் பெரிய பாய்ச்சல். இன்று அதை விதியாக எழுதக் கூடாது. ஹீமோகுளோபின் என்ற ஒரே புரதத்துக்கு 16ஆம் குரோமோசோமிலிருந்து ஆல்ஃபா சங்கிலியும் 11ஆம் குரோமோசோமிலிருந்து பீட்டா சங்கிலியும் வர வேண்டும். மறுபுறம், ஒரே மரபணுவின் எக்ஸான்கள் வெவ்வேறு விதமாக ஒட்டப்படுவதால் தைராய்டில் கால்சிடோனின் என்ற ஹார்மோனும் நரம்புச் செல்களில் முற்றிலும் வேறொரு பெப்டைடும் கிடைக்கின்றன. அபோலிப்போபுரதம் பி. மரபணுவில் இன்னும் விந்தையான ஏற்பாடு: குடலில் மட்டும் தூது ஆர்.என்.ஏ.வின் ஒரு சி எழுத்து யு ஆகத் திருத்தப்பட்டு நடுவில் நிறுத்தக் குறியன் உண்டாக்கப்படுகிறது, கல்லீரல் முழு நீளப் புரதத்தைச் செய்ய, குடல் பாதிக்கும் குறைவான நீளமுள்ளதைச் செய்கிறது. மனிதரிடம் புரதத்துக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே என்று தெரிந்தபோது ஏமாற்றமடைந்தவர்கள் இந்த ஏற்பாடுகளைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

நோயின் பெயரால் மரபணுவை அழைப்பது

தலசீமியா மரபணு, புற்றுநோய் மரபணு என்று நாளிதழ்கள் எழுதுவதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். பீட்டா குளோபின் மரபணு நம் எல்லோரிடமும் இருக்கிறது, அது இல்லாமல் உயிர்வாழ்வதே அரிது, பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவும் எல்லோரிடமும் இருந்து டி.என்.ஏ.வின் முறிவுகளைச் சீர்செய்துகொண்டிருக்கிறது. சிலரிடம் இருப்பது அந்த மரபணுவின் பழுதான வடிவம். உனக்கு அந்த மரபணு இருக்கிறதாம் என்ற பேச்சு ஒரு பெண்ணின் திருமணத்தையே தடுத்துவிடும் சமூகத்தில் இந்த வேறுபாடு மிக அவசியமானது.

கதிர் அரிவாள் மாற்றத்திலும் இதே கவனம் தேவை. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்த மாற்றம் இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோர் பதிவுசெய்தனர். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் உள்ளவர் நோயாளி அல்லர்; கடுமையான மலேரியாவிலிருந்து அது ஓரளவு காக்கவும் செய்கிறது. இரு பிரதிகளிலும் இருந்தால்தான் கதிர் அரிவாள் செல் சோகை வரும்.

அறிக்கையில் உள்ள எண்களைத் தவறாகப் படிப்பது

கதிர் அரிவாள் மாற்றத்தைப் பழைய அறிக்கைகளும் பாடநூல்களும் 6ஆவது குறியனில் ஜி.ஏ.ஜி., ஜி.டி.ஜி. ஆனது என்று எழுதும். புதிய முறைப்படி எழுதும் ஆய்வுக்கூடம் 7ஆவது அமினோ அமிலம் என்று குறிக்கும். இரண்டும் ஒன்றே. முதலில் சேரும் மெத்தியோனைன் பின்னர் நீக்கப்பட்டு 146 அமினோ அமிலங்கள் எஞ்சுகின்றன. அந்த மெத்தியோனைனை எண்ணாமல் விடுவது பழைய முறை, எண்ணுவது புதிய முறை. இந்தக் கட்டுரையில் நான் சொன்ன 24, 26, 39, 121 ஆகிய குறியன் எண்கள் பழைய முறையில் அமைந்தவை. புதிய அறிக்கையில் அவை ஒவ்வொன்றும் ஒன்று கூடுதலாக இருக்கும்.

எழுத்து மட்டத்தில் அதே மாற்றம் 20ஆவது எழுத்தில் ஏ, டி ஆனது என்று எழுதப்படும். குரோமோசோமின் முழு வரிசையை அடிப்படையாகக் கொண்ட அறிக்கையோ, அதே இடத்தில் டி, ஏ ஆனது என்று தலைகீழாகச் சொல்லும். இது ஆய்வுக்கூடத்தின் பிழை அன்று. டி.என்.ஏ.வின் இரு இழைகளில் ஒன்றையே உலக ஆய்வாளர்கள் பொது வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். பீட்டா குளோபின் மரபணு அதன் எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்ட்ரான் மாற்றங்களின் குறியீட்டிலும் ஒழுங்கு உண்டு. இந்தியாவில் பரவலான மாற்றம் புதிய அறிக்கையில் 92+5 என்று இருக்கும்: முதல் எக்ஸானின் கடைசி எழுத்தான 92ஐத் தாண்டி ஐந்தாவது எழுத்து என்பது பொருள். மத்தியதரைக்கடல் பகுதி மாற்றம் 93-21 என்று இருக்கும். இரண்டாம் எக்ஸானின் முதல் எழுத்தான 93க்கு 21 எழுத்துகள் முன்னால் இருப்பது, 130 எழுத்துள்ள இன்ட்ரானின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 110ஆவது எழுத்து.

மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை சொன்னால், எந்த முறையில் தேடினார்கள் என்று கேட்பது அவசியம். சிந்தி சமூகத்தினரிடம் பரவலாக உள்ள ஒரு தலசீமியா, மரபணுவின் பின்பகுதியில் 619 எழுத்துகள் மொத்தமாக நீங்குவதால் வருகிறது. எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சாதாரணப் பரிசோதனையில் இழப்பில்லாத மறுபிரதி மட்டுமே தெரிவதால், ஒரு பிரதியில் உள்ள இந்த இழப்பு கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். அதைத் தேடும் முறை தனி. ஆகவே கருவுற்ற காலத்தில் பரிசோதனைக்குச் செல்லும் தம்பதியர், இருவருடைய முந்தைய அறிக்கைகளின் முழுப் பிரதிகளையும், ஹீமோகுளோபின் வகைகளின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து மரபணு ஆலோசகரிடம் கொடுக்க வேண்டும். பீட்டா தலசீமியா மாற்றம் ஒரு பிரதியில் இருப்பதற்கான அடையாளமாக ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு உயர்ந்திருந்தும் மரபணு அறிக்கையில் எதுவும் இல்லை என்றால், தேடல் இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.